மற்றும் சொல்லப்படாத விண்ணப்பங்கள்

பேராயர் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை மூப்பர்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு முறை படித்தார்கள், ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்கள், பிறகு மேசையின் மறுமுனையில் இருந்த தபாலம்மாவின் பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்தச் சபைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். முப்பத்து நான்கு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள், பதினாறு வருடமாகச் சபைச் செயலர். அவளுக்கு என்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

சுற்றறிக்கை கேட்டது இவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேலாக ஆராதனைக்கு வராத குடும்பங்கள் எத்தனை, ஏன் வரவில்லை, நேரில் போய்க் கேட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பவும். காரணத்துக்கு நான்கு கட்டங்கள் போட்டிருந்தார்கள்: இடமாற்றம், வேறு சபை, முதுமை அல்லது நோய், அக்கறையின்மை.

போய்க் கேட்பானேன், எங்களுக்கே தெரியுமே என்றார்கள் மூப்பர்கள். ஒருவர் கைப்பேசி என்றார். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பயிற்சி என்றார். மூத்தவர், பல்மருத்துவர், கடவுள் பயம் விட்டுப் போச்சு என்று ஒரே போடாகப் போட்டார். போதகர் இளைஞர், நல்லவர், பாவம், எப்போதும் தூக்கம் போதாத முகம். "என் பிரசங்கமும் ஒரு காரணமா இருக்கலாம்" என்று அவர் அடக்கமாகச் சொல்லி வைத்தார். யாராவது மறுப்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார்.

தபாலம்மா பட்டியலைப் போட்டாள். நாற்பத்தொரு குடும்பம். அதில் முதல் பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. அது அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

தம்பி தச்சர். பக்கத்துத் தெருவில்தான் பட்டறை. ஒரு வருடத்துக்கு மேலாக அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் அவள் இடப்பக்கத்தில் அவன் உட்காரும் இடம் காலியாகவே கிடந்தது. விசேஷங்களில் பார்த்தால் சிரிப்பான், உடம்பு எப்படி என்பான், நழுவிவிடுவான். அந்தச் சிரிப்பு அவளுக்கு முள்ளாகக் குத்தியது. நாற்பது பேர் வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும், இவன் வந்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் படிவத்தை அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

காரணமும் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். புதுப் பிரசங்க மேடையைத் தம்பியிடம் செய்யக் கொடுக்காமல் கமிட்டி கடையில் வாங்கிப் போட்டது. கைத்தொழில்காரனுக்கு ரோஷம் வராதா? நாலு நல்ல வார்த்தை சொன்னால் இறங்கி வந்துவிடுவான். தபாலம்மா பேசி மசியாத ஆள் இன்னும் பிறக்கவில்லை.

இங்கே அந்த விண்ணப்பப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோயில் வாசலில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபம் வேண்டுவோர் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஞாயிறு காலை எட்டரைக்குத் தபாலம்மா பூட்டைத் திறந்து சீட்டுகளைப் பிரிப்பாள். பிரிப்பது என்றால் அவளைப்போல் யாரும் பிரிக்க முடியாது. கண் ஓடும்போதே கை தள்ளிவிடும். நோயாளிகள் ஒரு கட்டு, பரீட்சை, வேலை, பயணம் ஒரு கட்டு, நன்றி சொல்பவர்கள் ஒரு கட்டு. இந்த மூன்றையும் ஆராதனையில் நிறுத்தி நிதானமாக வாசிப்பாள்.

நாலாவதாக ஒரு கட்டு உண்டு. புருஷன் விட்டுப் போனது, பிள்ளை குடிப்பது, போலீஸ் கேஸ், மனநோய். இவற்றை அவள் வாசிப்பதில்லை. ரப்பர் வளையம் போட்டுப் பைக்குள் வைத்துவிடுவாள். கடைசியில் ஒரு வரி சொல்வாள்: "மற்றும் சொல்லப்படாத விண்ணப்பங்களுக்காகவும் ஜெபிப்போம்." அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளுக்குச் சட்டம் போடவில்லை. அவளே போட்டுக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஒரு குடும்பத்து மானத்தை மைக்கில் ஏற்றுவதா என்பது அவள் கட்சி.

அதோடு தபால் வேலைக்காரியின் ஒழுக்கம் வேறு. அஞ்சலட்டையில் இருப்பது கண்ணில் படும், ஆனால் வாயில் வரக்கூடாது. எதிர்வீட்டுக்காரியின் மகளுக்குக் கல்யாணம் முறிந்ததை அட்டையில் படித்துவிட்டு, அன்று மாலையே அவளிடம் மழை வருமா என்று மட்டும் பேசிவிட்டு வந்தவள் இவள். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

அந்த நாலாவது கட்டில் பதினோரு சீட்டுகள் தம்பியுடையவை. பெயர் போட்டிருக்கவில்லை. ஆனால் பட்டையான தச்சுப் பென்சிலில், மரத்தில் குறி போடுகிற மாதிரி அழுத்தி எழுதுகிறவன் அந்தச் சபையில் வேறு யார்? முதல் சீட்டு, "என் மகன் குடிக்கிறான்." பதினோராவது, "மகனைச் சிகிச்சை இல்லத்தில் சேர்த்திருக்கிறோம்." தபாலம்மா அன்றே வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு அழுதாள். அன்றிலிருந்து தினமும் மருமகனின் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். ஆனால் தம்பியிடம் மூச்சு விடவில்லை. பையனுக்கு வெளியூரில் வேலை என்று அவன் ஒரு கல்யாண வீட்டில் பத்துப்பேர் நடுவே சொன்னபோது, "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது" என்று இவளும் தலையாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கை போட்டார்கள். தம்பிக்குத் தான் செய்த பெரிய உதவி அது என்றே அவள் நம்பியிருந்தாள்.

படிவம் வந்த மறுநாளே வேலையைத் தொடங்கினாள். கார் ஓட்டக் கணவர். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். பிரசங்கத்தின்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் தேர்ந்தவர். "வராதவங்க லிஸ்ட்ல என்னையும் போட்டுக்க. உடம்பு மட்டும்தான் வருது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்தில் நாற்பது வீடு முடிந்தது. எல்லோரும் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். தையற்காரி ஒருத்தி, தலை நிமிராமல் காலரைத் தைத்துக்கொண்டே, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றாள். பள்ளி வாத்தியார் ஒருவர் முதுகு வலி என்றார். அவர் முதுகை வளைத்துச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோதுதான் இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். நேரமில்லை, தூரம், பார்க்கலாம், வருகிறோம். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, அதுதான் தபாலம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. சண்டைக்காரனைச் சமாதானப்படுத்தலாம், சிரிக்கிறவனை என்ன செய்வது?

மனம் விட்டுப் பேசியவர்கள் இரண்டு பேர். கட்டடப் பொறியாளர் ஒருவர், தனக்கு நம்பிக்கையே இல்லாமல் போய்விட்டது, வந்து உட்கார்ந்து உதட்டை அசைப்பது பொய்யாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். அவர் யோக்கியர் என்று தபாலம்மாவுக்குத் தோன்றியது.

இன்னொருவர் பேருந்து ஓட்டுநர்.

"ஒரு ஞாயித்துக்கிழமை அசந்து தூங்கிட்டேன்மா. யாராவது ஏன் வரலன்னு கேப்பாங்க, என்ன சொல்லலாம்னு பயந்துகிட்டே இருந்தேன். யாரும் கேக்கல. அடுத்த வாரமும் தூங்கிட்டேன். நீங்க கேக்கறதுக்குள்ள மூணு வருஷம் ஆயிடுச்சு."

அதைக் கேட்டுக் கணவர் காரில் வழியெல்லாம் சிரித்தார். தபாலம்மா சிரிக்கவில்லை. அக்கறையின்மை என்ற கட்டத்தில் குறி போட்டாள். யாருடைய அக்கறையின்மை என்று படிவத்தில் கேட்டிருக்கவில்லை.

கடைசியாகத் தம்பி. அவனுக்கென்று ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். பட்டறையில் ஆறு கதவுகள் சுவரோடு சாய்த்து நின்றன. தம்பி ஏழாவதை இழைத்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி, முக்காலியில் கிடந்த மரத்தூளைத் துணியால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னான். தம்பி மனைவி உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். கணவர் காரிலேயே இருந்துகொண்டார்.

தபாலம்மா படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். கமிட்டிக்காரர்களுக்குக் கண் இல்லை, கடை மேடை இப்போதே ஆடுகிறது, உன் கை பட்டிருந்தால் நூறு வருஷம் நின்றிருக்கும், அதற்காக ஆண்டவர்மேல் கோபித்துக்கொள்ளலாமா? ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தாள். தம்பி வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"எந்த மேடை?" என்றான். பிறகு நினைவு வந்து சிரித்தான். அப்போது அவனுக்கு வேலை கழுத்துவரை இருந்ததாம், கேட்டிருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பானாம்.

மூன்று வாரமாகக் கட்டிய கோட்டை ஒரு நொடியில் சரிந்தது. தபாலம்மாவுக்கு எரிச்சல் வந்தது. பின்னே ஏன்தான் வருவதில்லை, அதையாவது சொல்லித் தொலை என்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்தான் பையனைப் பாக்க விடறாங்க."

"அவன் வெளியூர்ல வேலை..." என்று தபாலம்மாவின் வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டது.

"போதும்க்கா" என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பெட்டியத் திறக்கறது நீதானே? அது தெரிஞ்சுதான் அதுல போட்டேன்."

தபாலம்மா மடியிலிருந்த படிவத்தை மடித்தாள். தம்பி தொடர்ந்தான்.

"சபை பூரா கேக்கணும்னு நான் போடல. உன்கிட்ட வாயால சொல்ல வெக்கமா இருந்துச்சு. எழுதிப் போட்டா நீ படிப்ப, என் எழுத்து உனக்குத் தெரியும், அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துடுவன்னு நினைச்சேன். பதினோரு வாரம் பாத்தேன்."

தபாலம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. உண்மையைக் கேட்டதும் மனிதர்களுக்கு முதலில் வருவது அதுதானே. உன் மானம் போகக்கூடாது என்றுதான் பொத்திப் பொத்தி வைத்தேன், நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தினமும் அவன் பெயரைச் சொல்லி முழங்கால் தேய ஜெபிக்கிறேனே, அது கணக்கில்லையா என்று பொரிந்து தள்ளினாள்.

"நீ ஜெபிப்ப. அது எனக்குத் தெரியும்" என்றான் அவன். "கடவுள்கிட்ட தினமும் சொன்ன. பக்கத்துத் தெருவுல இருக்கற என்கிட்ட ஒரு நாள் கேட்டியா?"

அதைக் கேட்டதும் கோபம் எங்கோ போய்விட்டது, வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு தம்பியே நடந்ததைச் சொன்னான். கடைசியாக வந்த ஞாயிறன்று, அவள் மேடையில் நின்று "சொல்லப்படாத விண்ணப்பங்களுக்காகவும்" என்று வாசித்தபோது, சொன்னேனே, பதினோரு தடவை சொன்னேனே என்று கத்த வேண்டும்போல இருந்ததாம். கத்திவிடுவோமோ என்று பயந்து எழுந்து வெளியே வந்துவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து பார்வையாளர் நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. போன தடவை மூன்று மாதம் இருந்து வந்த பையன் மறுபடி விழுந்துவிட்டான், இது இரண்டாம் தடவை. இப்போது பரவாயில்லை. வாரம் இரண்டு பேரை மட்டும் விடுவார்கள். தம்பி, தம்பி மனைவி.

நிலைப்படியில் நின்றவள் அப்போதுதான் வாய் திறந்தாள். "நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்க அண்ணி" என்றாள்.

தபாலம்மா வெளியே வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் விம்மி விம்மி அழுதாள். கணவர் கைக்குட்டையைக் கொடுத்தார். சாவியைத் திருப்பாமல் அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது ரயில் ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவின் அடித்தட்டை இழுத்தாள். அங்கே பதினாறு வருடத்து நாலாவது கட்டுகள் இருந்தன. வந்த கடிதத்தைக் கிழித்துப் போடுகிற பழக்கம் அவள் தொழிலில் இல்லை. படுக்கையில் பரப்பி, வராதவர்கள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இந்தத் தடவை கை தள்ளவில்லை, வாசித்தாள். தையற்காரியின் சீட்டு கிடைத்தது: "என் கணவர் போய்விட்டார். பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை." அந்த முதுகு வலி வாத்தியார் எழுதியிருந்தார்: "எனக்குச் சாக வேண்டும்போல் இருக்கிறது." இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. நல்ல வேளை, மனிதர் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிழைக்க வைத்தது யாரோ, நிச்சயம் தான் இல்லை. நாற்பத்தொன்றில் பதினேழு குடும்பம் அந்தக் கட்டுகளுக்குள் இருந்தது.

அன்று மாலையே மூப்பர்கள் கூட்டம். சீட்டில் இருந்தது எதையும் அவள் சொல்லவில்லை. அந்த ஒழுக்கம் போகவில்லை, போகவும் கூடாது. எண்ணிக்கையை மட்டும் சொன்னாள். பதினேழு வீடு நம் கதவைத் தட்டியிருக்கிறது, நாம் திறக்கவில்லை, திறக்காமல் விட்டவள் நான் என்றாள். பல்மருத்துவர் தொண்டையைக் கனைத்து, அதெல்லாம் சரிதானம்மா, ஆனால் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையே என்றார்.

"போட்டுட்டேன்" என்றாள் தபாலம்மா. அளவுகோல் வைத்து, நாலாவது கட்டத்துக்குக் கீழே, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே ஐந்தாவதை வரைந்திருந்தாள். "நாங்கள் போய்க் கேட்கவில்லை" என்று எழுதி, எதிரே பதினேழு என்று போட்டிருந்தாள். கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்தியாகிவிட்டது. முத்திரை விழுந்த காகிதத்தை மாற்றச் சொல்ல அவளிடம் யாருக்கும் தைரியம் இல்லை.

இனி அந்த நாலாவது கட்டை என்ன செய்வது, எல்லாவற்றையும் வாசித்துவிடலாமா என்று போதகர் கேட்டார்.

"வாசிக்க வேண்டாம் ஐயா. கையில எடுத்துக்கிட்டு அன்னிக்கே அவங்க வீட்டுக்குப் போகணும். நீங்க பாதி, நான் பாதி. மூப்பர்களும் வரட்டும். தையற்காரி வீட்டுக்குத் திங்கக்கிழமை நான் போறேன். வாத்தியார் வீட்டுக்கு நீங்க இன்னிக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க." சொல்லிவிட்டுப் பெட்டிச் சாவியை அவர் முன்னால் வைத்தாள். "நாளைக்கு நீங்கதான் திறக்கணும். நான் வரமாட்டேன்."

உடம்புக்கு ஏதாவதா என்று பதறினார் போதகர். முப்பத்தோரு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாதவள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. என் மருமகன் சிகிச்சை இல்லத்துல இருக்கான், பாக்கப் போறேன். தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை, கோயிலில் முதல் பாட்டு பாடுகிற நேரத்தில், அவள் ஊர் எல்லை தாண்டி ஒரு நீளமான கட்டடத்தின் வாசலில் தம்பியோடு வரிசையில் நின்றாள். காவலாளி பையைச் சோதித்தார், பதிவேட்டை நீட்டினார். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் அத்தை என்று எழுதினாள். வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள். நாலாவதாக நின்றவர் அவள் சபைக்காரர், இரண்டு வருடமாக வராதவர். வீடு மாறிவிட்டோம், தூரம் என்று அவர் சொன்னதை நம்பி அவளே இடமாற்றம் என்று குறி போட்டிருந்தாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தபாலம்மா நேற்றுவரை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தானும் திருப்பியிருப்பாள். இன்று வரிசையை விட்டு வெளியே வந்து, அவர் பக்கத்தில் போய், "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் தயங்கி, தன் தம்பியை என்றார். பிறகு உள்ளே விடும்வரை அவர் பேசினார், அவள் கேட்டாள்.

பார்வையாளர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டிரண்டாகப் போட்டிருந்தன. மருமகன் உள்கதவு வழியாக வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அம்மாவைத் தேடிய கண் அத்தைமேல் விழுந்ததும் அங்கேயே நின்றுவிட்டான். திரும்பிப் போய்விடுவானோ என்று தபாலம்மா பயந்தாள். தம்பி தன் நாற்காலியை விட்டு எழுந்து சன்னல் பக்கம் போனான்.

"அத்தை, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கோயிலுக்குப் போகலையா?"

"போகல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். உங்களுக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன், வெளியூரில் வேலை என்றுதானே அப்பா சொல்லியிருந்தார் என்று முனகினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"உங்க அப்பாதான்டா சொன்னான்" என்றாள் தபாலம்மா. "பதினோரு தடவ சொன்னான். நான்தான் வரல."

அவன் எழுந்து போய், சுவர் ஓரம் அடுக்கியிருந்ததிலிருந்து மூன்றாவதாக ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டு, சன்னலருகே நின்ற அப்பாவை உட்காரக் கூப்பிட்டான்.